அக்காவின் இடது கைக் கையெழுத்து: சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இழப்பீடு பெற்ற அனுபவம்

வன்முறைக் குற்றத்தில் காயம்பட்டவருக்கும், உயிரிழந்தவரை நம்பி வாழ்ந்த குடும்பத்துக்கும் அரசு தன் நிதியிலிருந்து இழப்பீடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. 2022 அக்டோபரில் என் அக்காவை அவருடைய கணவர் அரிவாளால் வெட்டிய அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அதற்குப் பின் ஏழு மாதங்கள் மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் நடந்தபோதும் தெரியவில்லை. இன்று அந்த இழப்பீட்டைப் பெற்றுவிட்டோம். அதைப் பெற்றுத் தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சேவை எப்படி இருந்தது, எங்கே கைகொடுத்தது, எங்கே எங்களைத் தவிக்க விட்டது என்பதை, இதே நிலையில் நிற்கும் இன்னொரு குடும்பத்துக்குப் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன். அக்காவை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் மாவட்டம், மருத்துவமனை, காவல் நிலையம் எதன் பெயரையும் குறிப்பிடவில்லை.

அக்கா தையல் தொழில் செய்பவர். கணவரின் அடி தாங்காமல் பிரிந்து வந்து, எங்கள் தெருமுனையில் ஒரு சிறிய அறையை வாடகைக்கு எடுத்து இரண்டு இயந்திரங்கள் போட்டிருந்தார். கடைக்குள் புகுந்து கணவர் வெட்டியபோது, கழுத்தை மறைக்க அக்கா வலது கையைத் தூக்கியிருக்கிறார். மணிக்கட்டுக்கு மேலே இறங்கிய வெட்டில் விரல்களை மடக்கும் தசைநார்களும் ஒரு நரம்பும் அறுந்தன. அரசு மருத்துவமனையில் அன்றிரவே தைத்து இணைத்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொன்னதும் நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம். ஆனால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஓர் ஊசியைப் பிடிக்கும் பிடி, அதற்குப் பிறகு அக்காவுக்கு வரவே இல்லை.

காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவானது, கணவர் கைதானார், பிணையில் வந்தார். இவை எல்லாம் எங்களுக்குத் தெரிந்த பாதை. இழப்பீடு என்ற சொல்லை முதலில் சொன்னவர், மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவுக்கு வெளியே பெஞ்சில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். அவர் வந்தது தன் மாமியாரின் தோள்வலிக்காக. ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலராகவும் வேலை செய்கிறவர் என்பதால், அக்காவின் கையைப் பார்த்ததும், "கோர்ட்டுல இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்துட்டீங்களாக்கா?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அந்தப் பெண் அன்று வேறொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், இந்தக் கட்டுரையே இருந்திருக்காது.

இதை ஒரு தற்செயலாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் விதி அப்படி இல்லை. நிபுண் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்று, 2018 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பெண்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தில் ஒரு பிரிவு தெளிவாகவே இருக்கிறது. பாலியல் குற்றங்கள், அமில வீச்சு, வரதட்சணை மரணம், உடற்காயம் ஏற்படுத்திய கணவர் கொடுமை ஆகிய வழக்குகளில், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி உடனே ஆணைக்குழுவுக்கு அனுப்பியாக வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேட்காவிட்டாலும் ஆணைக்குழுவே தானாக முன்வந்து விசாரித்து இடைக்கால நிவாரணம் தரலாம் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. அக்காவின் வழக்கில் கணவர் கொடுமைக்கான 498ஏ பிரிவும் இருந்தது, காயமும் இருந்தது. நாங்கள் விண்ணப்பம் கொடுத்த அன்று ஆணைக்குழுவின் பதிவேட்டில் தேடிப் பார்த்தார்கள். அந்த முதல் தகவல் அறிக்கை அங்கே வந்து சேரவில்லை. ஒரு தாள், ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான் தேவைப்பட்டது. அது வந்திருந்தால், வாடகை கட்ட முடியாமல் கடையைக் காலி செய்யும் நிலை அக்காவுக்கு வந்திருக்காது என்று இப்போதும் நினைத்து வருந்துகிறேன்.

சட்டத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், குற்றவாளி கட்டும் அபராதத்திலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு ஏதேனும் கொடுக்கலாம் என்ற 357-ஆம் பிரிவு மட்டும் இருந்தது. குற்றவாளியிடம் பணம் இல்லையென்றால், அவர் விடுதலையானால், பிடிபடவே இல்லையென்றால் பாதிக்கப்பட்டவருக்கு ஒன்றும் இல்லை. 2008-இல் கொண்டுவரப்பட்டு 2009 டிசம்பர் 31 முதல் அமலான திருத்தம் 357ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஒவ்வொரு மாநில அரசும் இழப்பீட்டுக்கென்று தனித் திட்டமும் நிதியும் வைக்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டின் பொதுத் திட்டம் 2013-இல் வந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே ஏற்பாடு 396-ஆம் பிரிவாக இருக்கிறது. அலுவலகத்தில் பலரும் இன்னும் "த்ரீ ஃபிஃப்டி செவன் ஏ" என்றுதான் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான், குழம்ப வேண்டாம்.

ஆணைக்குழுவின் அலுவலகம் பெரும்பாலான மாவட்டங்களில் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். முதன்மை மாவட்ட நீதிபதி அதன் தலைவர். அன்றாட வேலையைப் பார்ப்பவர் செயலாளர், அவரும் ஒரு நீதிபதியே. நாங்கள் போன அலுவலகத்தில் வாசலருகே ஒரு மேசை, அதன் பின்னால் ஒரு தன்னார்வலர், சுவரோரம் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள். போன உடனே "உட்காருங்கம்மா, என்ன விஷயம்?" என்று கேட்டார்கள். ஏழு மாதங்களில் ஓர் அரசு அலுவலகத்தில் எங்களை உட்காரச் சொன்னது அதுதான் முதல் முறை. கட்டணம் எதுவும் இல்லை, முத்திரைத்தாள் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலே இலவசச் சட்ட உதவி உண்டு. எங்களுக்கும் குழுவிலிருந்து ஒரு வழக்கறிஞரை அமர்த்திக் கொடுத்தார்கள். அந்த அம்மா எங்களிடம் ஒரு தேநீர் கூட வாங்கிக் குடித்ததில்லை.

விண்ணப்பம் நான்கு பக்கம். பெயர், முகவரி, சம்பவ நாள், குற்ற எண், காயத்தின் தன்மை, செலவு, வருமானம் என்று போகும் அந்தப் படிவத்தில், குற்றவாளியுடன் உள்ள உறவு என்ற கேள்விக்கு வந்ததும் அக்கா வெகுநேரம் பேசாமல் இருந்தார். எழுதிக்கொண்டிருந்த தன்னார்வலர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. அந்தக் கேள்வி ஏன் இருக்கிறது என்பதையும் அவரே விளக்கினார். தாக்கியவர் குடும்பத்தைச் சேர்ந்தவரா, கொடுமை ஒரு முறை நடந்ததா அல்லது நெடுநாள் தொடர்ந்ததா என்பவை இழப்பீட்டுத் தொகையைத் தீர்மானிக்கையில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் காரணிகள். அவற்றோடு, மருத்துவச் செலவு, மனநல ஆலோசனைக்கான செலவு, வழக்குக்காக அலைந்த பயணச் செலவு, வேலை இழப்பு, படிப்புத் தடைபட்டது, குடும்பத்தின் பொருளாதார நிலை ஆகியவையும் பார்க்கப்படும். ஆகவே பேருந்துச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். நாங்கள் தூக்கிப் போட்டுவிட்டோம். பயணச் செலவை வெறும் வாய்மொழியாகத்தான் சொல்ல முடிந்தது.

ஆவணங்களைப் பொறுத்தவரை எங்களை அதிகம் அலைய வைத்தது மருத்துவமனைக் காகிதம். விண்ணப்பத்தோடு நாங்கள் வைத்த ஏ.ஆர். காப்பியில், அதாவது அனுமதிக்கப்பட்ட நேரத்தில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகலில், "வலது முன்கையில் வெட்டுக் காயம்" என்று ஒரே வரி இருந்தது. அதை மட்டும் படிப்பவருக்கு அது நான்கு தையலில் ஆறும் காயம். தசைநார் அறுந்ததும், இணைப்பு அறுவை நடந்ததும் டிஸ்சார்ஜ் சம்மரியில்தான் இருந்தன. அந்தத் தாளோ எங்கள் வீட்டு அலமாரியில் மளிகைச் சீட்டுகளோடு கிடந்தது. காயச் சான்றிதழ் நேராகக் காவல் நிலையத்துக்குப் போயிருந்ததால், அதன் நகலை நீதிமன்றத்தில் மனுப் போட்டு எடுக்க மூன்று வாரங்கள் ஆயின. முதல் தகவல் அறிக்கையின் நகல் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும் என்று இப்போதைய சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு, பிசியோதெரபி அட்டை எதுவானாலும் ஓர் உறையில் போட்டு, உறையின் மேல் தேதி எழுதி வையுங்கள்.

அடுத்தது ஊனச் சதவீதம். மருத்துவக் குழுவின் முன் அக்காவை நிறுத்தி, விரல்களை மடக்கச் சொல்லி, கோணமானி வைத்து அளந்து, 35 சதவீதம் என்று சான்றளித்தார்கள். பெண்களுக்கான அந்தத் திட்டத்தின் அட்டவணையில் உடல் உறுப்பு இழப்பாலோ செயலிழப்பாலோ ஏற்படும் நிரந்தர ஊனத்துக்கு நான்கு படிகள் உள்ளன. 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 2 முதல் 5 லட்சம். 40-உம் அதற்கு மேலும், 80-க்குள் என்றால் 2 முதல் 4 லட்சம். 20-க்கு மேல் 40-க்குள் 1 முதல் 3 லட்சம். 20-க்குக் கீழே 1 முதல் 2 லட்சம். உயிரிழப்புக்கு 5 முதல் 10 லட்சம், பாலியல் வன்கொடுமைக்கு 4 முதல் 7 லட்சம், முகம் சிதைந்த அமில வீச்சுக்கு 7 முதல் 8 லட்சம் ரூபாய் என்று அந்த அட்டவணை போகிறது. பாதிக்கப்பட்டவர் சிறுமியாக இருந்தால் இந்தத் தொகைகளுக்கு மேல் பாதி கூடுதலாகக் கணக்கிடப்படும். இந்த அட்டவணையின் மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஒரு தையல்காரரின் வலது கை விரல்களும், அந்த விரல்களைத் தொழிலுக்கு நம்பியிராத ஒருவரின் விரல்களும் மருத்துவக் குழுவின் கோணமானிக்கு ஒன்றே. அக்காவுக்குப் போனது 35 சதவீதம் அல்ல, முழுத் தொழிலும்.

அந்தக் குறையைச் சரிசெய்ய இடம் கொடுப்பது செயலாளரின் விசாரணை. இந்தச் சேவையில் நான் மனமார மெச்சுவது அதைத்தான். விண்ணப்பம் கொடுத்த ஐந்தாவது வாரம் அழைப்பு வந்தது. நீதிமன்றக் கூண்டு, டவாலி, குறுக்குக் கேள்வி எதுவும் இல்லை; ஓர் அறை, ஒரு மேசை. செயலாளர் எங்கள் காகிதங்களை முன்பே படித்திருந்தார். அக்காவிடம் அவர் சம்பவத்தைப் பற்றி இரண்டே கேள்விகள் கேட்டார். பிறகு, "வெட்டுப்படுறதுக்கு முன்னாடி ஒரு நாளைக்கு எத்தனை ஜாக்கெட் தைப்பீங்கம்மா?" என்றார். அக்கா அதுவரை தலையைக் குனிந்தே பேசிக்கொண்டிருந்தவர், அந்தக் கேள்விக்கு நிமிர்ந்தார். "சாதா ஜாக்கெட்டுன்னா அஞ்சு தைப்பேன் ஐயா. லைனிங் வச்சதுன்னா மூணு. தீபாவளி மாசத்துல ராத்திரி ஒரு மணி வரைக்கும் தைப்பேன்" என்றார். இப்போது எத்தனை என்று அவர் கேட்கவில்லை. மேசையிலிருந்த ஒரு காகிதக் கவ்வியை அக்காவின் பக்கம் தள்ளி, எடுக்க முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார். அக்கா வலது கையால் மூன்று முறை முயன்றார். கவ்வி மேசை மேல் நகர்ந்ததே தவிர விரலுக்குள் வரவில்லை. செயலாளர் அதைக் குறித்துக்கொண்டு, தையல் கூலி எழுதிய பழைய நோட்டு ஏதாவது இருந்தால் கொண்டு வரச் சொன்னார். அளவெடுத்து எழுதும் நீளமான நோட்டு இரண்டு வீட்டில் இருந்தன. மறுநாளே கொடுத்தோம். வருமானத்துக்கு வேறு சான்று இல்லாத கைத்தொழில் செய்கிற யாரும் இப்படிப்பட்ட நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது.

இடைக்கால நிவாரணத்தையும் அவரே எடுத்துச் சொன்னார், நாங்கள் கேட்கவில்லை. பெரும் தொகைக்கான விசாரணை முடியும் வரை காத்திராமல், உடனடித் தேவைக்காகக் கொடுக்கும் தொகை இது. அட்டவணையின் உச்சத் தொகையில் கால் பங்குக்குக் குறையக் கூடாது என்பது திட்டத்தின் விதி. அக்காவுக்கு உச்சத் தொகை 3 லட்சம் என்பதால் 75,000 ரூபாய் என்று உத்தரவாகியது. அமில வீச்சு வழக்குகளில் இன்னும் விரைவு தேவை என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லட்சுமி வழக்கில் சொல்லியிருக்கிறது: குறைந்தது 3 லட்சம், அதில் 1 லட்சம் 15 நாட்களுக்குள், மீதி இரண்டு மாதங்களுக்குள்.

விசாரணையை முடிக்கச் சட்டம் தரும் காலம் இரண்டு மாதம். எங்களுக்கு நான்கு மாதங்கள் ஆயின. அதில் ஒன்றரை மாதம் நாங்கள் காகிதம் தேடிய காலம் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2023 அக்டோபரில் இறுதி உத்தரவு வந்தது: 2,25,000 ரூபாய். முன்பே உத்தரவான 75,000 போக மீதி 1,50,000. தொழில் இழப்பைக் கருதி நடுத்தொகைக்கு மேலே போட்டிருப்பதாக உத்தரவிலேயே காரணம் எழுதப்பட்டிருந்தது. தொகை போதாது என்று கருதுகிறவர் 30 நாட்களுக்குள் மாநில ஆணைக்குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் வழக்கறிஞர் அம்மா விளக்கினார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார்.

உத்தரவு கையில் வந்த நாளைப் பணம் வந்த நாள் என்று நாங்கள் தவறாக நினைத்துக்கொண்டோம். நிதி மாநில அளவில் ஒதுக்கப்பட்டு மாவட்டத்துக்கு வர வேண்டும். அது வரும் வரை ஒவ்வொரு வாரமும் போய்க் கேட்டோம், ஒவ்வொரு வாரமும் "ஃபண்டு இன்னும் வரல" என்றார்கள். யாரும் கடுமையாகப் பேசவில்லை, ஆனால் எப்போது வரும் என்று சொல்லவும் யாராலும் முடியவில்லை. இடைக்கால நிவாரணம் என்று பெயர் வைத்த தொகையும் இறுதித் தொகையும் 2024 பிப்ரவரியில் ஒன்றாகத்தான் வந்தன. அவசரத்துக்கென்று சட்டம் வகுத்த தொகை, அவசரமெல்லாம் கடந்த பிறகு வருவதில் என்ன பயன்? கடை போயிருந்தது, இரண்டு இயந்திரங்களில் ஒன்றை விற்றிருந்தோம். இந்த ஒரு குறை மட்டும் இல்லாதிருந்தால், நான் இந்தச் சேவையைக் குறை சொல்லாமலே எழுதி முடித்திருப்பேன். அலுவலகத்துக்கு என்றால் ஐந்துக்கு நான்கரை தருவேன். அந்த அலுவலகம் இருப்பதை ஒருவருக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டுக்கும், உத்தரவுக்குப் பின் பணம் வரும் ஏற்பாட்டுக்கும் ஒன்றுக்கு மேல் தர முடியாது.

வங்கியில் இன்னொரு தடை காத்திருந்தது. அக்காவின் பழைய கணக்கில் உள்ள மாதிரிக் கையெழுத்து வலது கையால் போட்டது. இப்போது இடது கையால் போடுகிறார். பழகாத பிள்ளை எழுதுவது போல எழுத்துகள் தனித்தனியே நிற்கும். வைப்புத்தொகைப் படிவத்தைப் பார்த்த ஊழியர் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுத்தார். அக்கா ஒன்றும் சொல்லாமல் வலது கையைக் கவுண்டரின் மேல் வைத்தார். அந்த ஊழியர் பதறிவிட்டார், பாவம். அவர் மேல் தவறில்லை. ஆணைக்குழுவிலிருந்து ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்த பிறகு புதிய மாதிரிக் கையெழுத்தைப் பதிவு செய்துகொண்டார்கள். கையில் காயம்பட்டவர்கள் விண்ணப்பம் கொடுக்கும்போதே வங்கியில் கையெழுத்தையோ கைரேகையையோ மாற்றிப் பதிந்து வைத்துவிடுங்கள். கணக்கு தனிப்பெயரில் இருப்பதும் முக்கியம். கணவருடன் சேர்ந்த கணக்கு ஒன்று இருக்கிறதென்று அதன் எண்ணைக் கொடுத்துவிட வேண்டாம்.

பணம் முழுவதும் கைக்கு வராது என்பதையும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது. திட்டத்தின்படி 75 சதவீதம் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு நிரந்தர வைப்பாகப் போகும், 25 சதவீதத்தை உடனே எடுத்துக்கொள்ளலாம். சிறார் என்றால் 80 சதவீதம் வைப்பில் போகும், பதினெட்டு வயது நிறைந்த பிறகே எடுக்க முடியும். அக்காவின் 1,50,000-இல் 1,12,500 வைப்பில் போனது, 37,500 சேமிப்புக் கணக்கில் வந்தது. வைப்பின் வட்டி மாதந்தோறும் அதே கணக்கில் விழுகிறது. முதலில் எனக்கு இது கோபத்தைத் தந்தது. பணம் வந்த வாரமே தூரத்துச் சொந்தங்கள் கடன் கேட்டு வந்ததைப் பார்த்த பிறகு, அந்தப் பூட்டு அக்காவுக்குக் காவலாக இருப்பதை ஒப்புக்கொண்டேன். மருத்துவம், கல்வி போன்ற உண்மையான தேவைக்கு ஆணைக்குழுவிடம் மனுக் கொடுத்து முன்கூட்டியே எடுக்கவும் வழி இருக்கிறது.

ஊரில் கிளம்பிய பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பெண்கள் இதற்குப் பயந்தே விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். "காசு வாங்கிட்டா கேஸ் ராஜியாயிருச்சுன்னு அர்த்தம்" என்று கணவர் வீட்டார் தெருத் தெருவாகச் சொன்னார்கள். அக்காவும் ஒரு கட்டத்தில் நம்பிவிட்டு, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறப் போவதாகச் சொன்னார். இது முற்றிலும் தவறு. இழப்பீட்டைத் தருவது அரசு. தாக்கியவரின் பணம் அல்ல, அவரோடு செய்துகொள்ளும் சமரசமும் அல்ல. குற்ற வழக்கு அதன் பாதையில் தனியே நடக்கும். வழக்கின் முடிவு விடுதலையாக இருந்தாலும்கூட மறுவாழ்வு தேவைப்பட்டால் இழப்பீட்டுக்கு நீதிமன்றம் பரிந்துரைக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. அதேபோல, நீதிமன்ற வாசலில் ஒருவர் "ஆணைக்குழுவுல எனக்கு ஆள் இருக்கு, வர்றதுல இருபது பர்சன்ட் குடுங்க" என்று எங்களை அணுகினார். இந்தச் சேவையில் யாருக்கும் ஒரு ரூபாய் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. அப்படி யாராவது கேட்டால் செயலாளரிடமே நேரில் சொல்லுங்கள்; நாங்கள் சொன்னோம், அதற்குப் பின் அந்த ஆளை அங்கே பார்க்கவில்லை.

அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்களுக்கு அருகே பலமுறை உட்கார்ந்த ஒரு பெரியவரை மறக்க முடியவில்லை. அவர் மகனை இரவில் யாரோ வெட்டிப் போட்டிருக்கிறார்கள். யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை. "ஆளே கிடைக்கலன்னா யாருகிட்ட தாயி பணம் கேக்குறது?" என்று என்னிடம் கேட்டார். குற்றவாளி யாரென்று தெரியாமல் வழக்கு விசாரணையே நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்திருந்தவர்களோ நேரடியாக ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம் என்பது மேலே சொன்ன 357ஏ பிரிவின் நான்காம் உட்பிரிவு. தன்னார்வலர் அதைச் சொல்லி, மகனின் மனைவி பெயரில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். ஆனால் ஆண்களுக்கு நேர்ந்த குற்றங்களுக்கு 2013-இன் பொதுத் திட்டமே பொருந்தும். மேலே நான் எழுதிய தொகைகள் பெண்களுக்கான திட்டத்தைச் சேர்ந்தவை. கால வரம்பையும் அந்தந்தத் திட்டத்தின்படி கேட்டுக்கொள்ள வேண்டும்; பெண்களுக்கான திட்டத்தில் சம்பவம் நடந்ததிலிருந்தோ வழக்கு முடிந்ததிலிருந்தோ மூன்று ஆண்டுகள். பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமை என்றால் மாவட்ட ஆட்சியர் வழியாகக் கிடைக்கும் நிவாரணம் தனி. 2016-இல் திருத்தப்பட்ட விதிகளில் குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 85,000 முதல் 8,25,000 ரூபாய் வரை வகுத்திருக்கிறார்கள்.

ஒவ்வொரு அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு வாசலிலும், ஒவ்வொரு காவல் நிலைய எழுத்தரின் மேசை மேலும், இழப்பீட்டு விண்ணப்பம் ஒரு கட்டு இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். அதுவரை, தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற இலவச எண்ணில் சட்ட உதவி கேட்கலாம்; வீட்டில் அடிபட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு 181 இருக்கிறது.

சென்ற ஆண்டு அக்காவுக்கு இரண்டாவது அறுவை தேவைப்பட்டது. தையல் ஆறிய இடத்தில் தசைநார் ஒட்டிக்கொண்டதால், அதை விடுவித்தால் பிடி கொஞ்சம் கூடும் என்றார்கள். வைப்பிலிருந்து 40,000 ரூபாய் கேட்டு மனுக் கொடுத்தோம். மருத்துவரின் கடிதத்தைப் பார்த்துப் பதினொரு நாட்களில் அனுமதித்தார்கள். இப்போது செயலாளர் வேறொருவர். கோப்பைப் படித்துவிட்டுத்தான் பேசினார். கட்டைவிரல் சற்று மடங்குகிறது. நூல் கண்டைப் பிடிக்க முடிகிறது, ஊசியை இன்னும் முடியவில்லை. அக்கா இப்போது வெட்டித் தைப்பதை விட்டு, இரண்டு பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறார். மகளிர் நீதிமன்றத்தில் வழக்கு சாட்சி விசாரணையில் இருக்கிறது. தீர்ப்பின்போது அபராதத்திலிருந்தும் இழப்பீடு கேட்பதற்கான மனுவை வழக்கறிஞர் அம்மா எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.